பழைய விமான நிறுவனங்களைச் சம்பளச் செலவு ஏன் அழுத்துகிறது?

வாசகர் கேள்வி, 4 செப்டம்பர் 2025

ஏர் இந்தியா ஆகட்டும், அமெரிக்காவின் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகட்டும், மலிவுக் கட்டண நிறுவனங்கள் களத்தில் இறங்கியதும் சம்பளச் செலவைத் தாங்க முடியாமல் தடுமாறின. இரு தரப்புக்கும் அதே போயிங், அதே ஏர்பஸ், அதே எரிபொருள். தொழிற்சங்கங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்ததுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். தவறானால் விளக்குங்கள்.

4 செப்டம்பர் 2025, இரவு

உங்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியோடு நின்றுவிட்டால் மீதி கண்ணில் படாமலே போய்விடும். நான் ஒரு பழைய விமான நிறுவனத்தின் ரோஸ்டர் பிரிவில், அதாவது எந்த விமானியும் எந்தப் பணிக்குழுவும் எந்த நாளில் எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று ஒதுக்கும் பிரிவில், 21 ஆண்டுகள் இருந்தேன். பிறகு ஒரு மலிவுக் கட்டண நிறுவனத்தில் அதே வேலையை 7 ஆண்டுகள் செய்தேன். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை.

முதலில் தொழிற்சங்கத்தைப் பார்ப்போம். மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டும் சவுத்வெஸ்ட், அமெரிக்காவிலேயே சங்கங்கள் மிக வலுவாக உள்ள விமான நிறுவனங்களுள் ஒன்று. அதன் ஊழியர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் சங்கத்தில் இருப்பவர்கள். அந்த நிறுவனம் 1973 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட நட்டம் காட்டவில்லை. டெல்டாவிலோ விமானிகளையும் சிறு பிரிவினர் சிலரையும் தவிர மற்றவர்களுக்குச் சங்கமே கிடையாது. அந்த டெல்டா 2005-ல் திவால் மனு கொடுத்தது. சங்கம்தான் காரணம் என்றால் இவ்விரண்டும் தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

5 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதில் அடிப்படையான ஒன்று விடுபட்டுவிட்டது. சம்பளம் அதிகமாக இருப்பது வேறு, சம்பளச் செலவு அதிகமாக இருப்பது வேறு. ஒரு கணக்குக்காக இரண்டு நிறுவனங்களிலும் ஒரு கேப்டனுக்கு மாதம் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் அவர் மாதம் 50 மணி நேரம் பறக்கிறார், மற்றதில் 75 மணி நேரம். முதல் நிறுவனத்துக்கு ஒரு மணி நேரப் பறப்புக்கு 12,000 ரூபாய் ஆகிறது, இரண்டாவதற்கு 8,000 ரூபாய். சம்பளச் சீட்டில் ஒரே தொகைதான் இருக்கிறது. ஆனால் பயணச்சீட்டின் விலையில் ஏறி உட்காரும் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

அந்த 25 மணி நேரம் எங்கே போகிறது என்பதைத்தான் நான் 21 ஆண்டுகள் பென்சிலும் அளவுகோலுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்க காலத்தில் எங்கள் ரோஸ்டர் ஒரு நீளமான தாள். இடப்பக்கம் பெயர்கள், மேலே 31 கட்டங்கள். பறக்கும் நாளுக்கு நீலக் கோடு, ஓய்வுக்குச் சிவப்புக் கோடு, ஒருவரைப் பயணியாக உட்கார வைத்து வேறு ஊருக்கு அனுப்பி அங்கிருந்து விமானத்தை எடுக்க வைக்கும் நாளுக்குப் பச்சைக் கோடு. மாதக் கடைசியில் தாளை விரித்தால் பச்சைக் கோடுகளும், வெளியூர் விடுதியில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்த வெற்றுக் கட்டங்களும் நீலத்துக்குச் சமமாக நிற்கும். அவர்களில் எவரும் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் காத்திருந்தது எங்கள் அட்டவணைக்காக.

மீனம்பாக்கத்தில் இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து நின்ற ஒரு நண்பகல் இன்னும் என் கண்முன் நிற்கிறது. எங்கள் விமானத்திலிருந்து பயணிகள் இறங்கியதும் பணிக்குழுவும் பெட்டிகளோடு இறங்கி வேனில் ஏறிப் போனது. துப்புரவுக் குழுவின் வண்டி வேறொரு விமானத்திலிருந்து வர வேண்டும்; அது வந்து சேர்ந்தபோது புதிய பணிக்குழு இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்து விமானத்தில் கடைசிப் பயணி படியிறங்குவதற்கு முன்பே பணிப்பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு பின்வரிசையிலிருந்து தொடங்கி, காகிதங்களைப் பையில் திரட்டி, இருக்கைப் பட்டைகளைக் குறுக்காகப் போட்டுக்கொண்டே முன்னால் வந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அதே குழுவோடு அந்த விமானம் கிளம்பியது. எங்களுடையது ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது.

சவுத்வெஸ்ட் இதைக் கற்றுக்கொண்டது நெருக்கடியில்தான். 1972-ல் பணமில்லாமல் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. நான்கு விமானங்களுக்கான அட்டவணையை மூன்றைக் கொண்டு ஓட்டுவதற்காகத் தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தது.

6 செப்டம்பர் 2025

பல வகை விமானங்களை வைத்திருப்பதற்கும் சம்பளச் செலவுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரோஸ்டர் மேசையில் உட்கார்ந்த எவரிடமும் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

பழைய அமெரிக்க நிறுவனங்களில் விமானம் பெரிதானால் சம்பளமும் பெரிது. எந்த விமானத்தில் அமர்வது என்பதைப் பணிமூப்பு தீர்மானிக்கும். பெரிய போயிங் 747-இன் கேப்டன் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு அதைவிடச் சிறிய 767-இன் கேப்டன் ஒருவர் போவார்; 767-இல் விழும் இடத்துக்கு இன்னும் சிறிய 737-இன் கேப்டன் போவார்; 737-இன் இடத்துக்குப் பெரிய விமானம் ஒன்றின் துணை விமானி பதவி உயர்வில் வருவார்; அவருடைய இருக்கைக்குச் சிறிய விமானத்தின் துணை விமானி வருவார்; கடைசியில் ஒரு புதியவரைச் சேர்க்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றதற்கு ஐந்து பேர் வாரக்கணக்கில் சிமுலேட்டர் பயிற்சிக்குப் போகிறார்கள். அந்த வாரங்களில் அவர்களுக்குச் சம்பளம் உண்டு, ரோஸ்டரில் நீலக் கோடு கிடையாது. இதற்கு மேல், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஸ்டாண்ட்பை ஆட்கள், அதாவது அவசரத்துக்கு அழைத்தால் வரக் காத்திருப்பவர்கள், வேண்டும். 737 விமானி ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வீட்டில் சும்மா இருக்கும் 767 விமானியை அனுப்ப முடியாது.

737 மட்டுமே வைத்திருக்கும் சவுத்வெஸ்டில் ஒரு கேப்டன் போனால் ஒரு துணை விமானி உயர்வார், ஒரு புதியவர் சேர்வார். அத்தோடு முடிந்தது.

6 செப்டம்பர் 2025, மாலை

திருத்தம். சவுத்வெஸ்ட் எப்போதுமே 737 மட்டும் ஓட்டியது போலத் தோன்றும்படி எழுதியது சரியன்று. இடையில் சில காலம் 727-களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறது. 2011-ல் ஏர்ட்ரான் நிறுவனத்தை வாங்கியபோது 717-களும் கூடவே வந்தன. அவற்றை வைத்துக்கொள்ளாமல் டெல்டாவிடம் தள்ளிவிட்டது என்பதே, வகை ஒன்று கூடினால் செலவு எவ்வளவு கூடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்ததைக் காட்டுகிறது. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

8 செப்டம்பர் 2025

இந்த விதிகளெல்லாம் எப்படி உள்ளே வந்தன என்பதைப் பார்க்க 1978-க்கு முன்பு போக வேண்டும். அதுவரை அமெரிக்காவில் எந்த நிறுவனம் எந்த வழியில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் தீர்மானித்தது. செலவு கூடினால் கட்டணமும் கூடும், எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாகவே கூடும். அப்படிப்பட்ட சூழலில் ஊதிய உயர்வை மறுத்து ஒரு வேலைநிறுத்தத்தைச் சந்திக்க எந்த மேலாளர் முன்வருவார்? கையெழுத்திட்டுவிட்டு வாரியத்திடம் போவதுதான் எளிது. ஆகவே, சங்கங்கள் கேட்டன என்பது உண்மைதான் என்றாலும், கொடுத்த கைக்கு அன்று எதுவும் வலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்டோபர் 1978-ல் அதிபர் கார்ட்டர் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கட்டணம் போட்டிக்கு வந்துவிட்டது. ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன. அமெரிக்க விமானத் துறையின் தொழிலுறவு, 1926-ல் இரயில்வேக்கு இயற்றி 1936-ல் விமானத்துக்கும் நீட்டித்த ஒரு சட்டத்தின் கீழ் நடக்கிறது. அச்சட்டப்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, திருத்தத்துக்கு உரியதாக மட்டுமே ஆகிறது. புதியது கையெழுத்தாகும் வரை பழையதே செல்லும்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரண்டு விமானிகள் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த 737-ஐ யுனைடெட் பல ஆண்டுகள் மூன்று விமானிகளை வைத்து ஓட்டியது. விமானிகள் சங்கம் பாதுகாப்பைக் காட்டி வலியுறுத்திய ஏற்பாடு அது. அதே 737-ஐ சவுத்வெஸ்ட் முதல் நாளிலிருந்தே இருவரை வைத்து ஓட்டியது. இருவர் போதும் என்று 1981-ல் அதிபர் அமைத்த குழு கூறிய பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது. இங்கே சங்கத்தின் பிடிவாதம் செலவைக் கூட்டியது; கேள்வி கேட்டவர் சொன்ன பாதி உண்மை இதுதான், இதை நான் மறைக்க விரும்பவில்லை.

11 செப்டம்பர் 2025

மூன்று நாட்களாக யோசித்துப் பார்த்ததில், விதிகளைப் பற்றி அதிகமாகவும் வயதைப் பற்றிக் குறைவாகவும் எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது.

அமெரிக்க விமானிகளின் ஊதிய அட்டவணை பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்து பொதுவாகப் பன்னிரண்டாம் ஆண்டு வரை படிப்படியாக ஏறும். பத்து ஆண்டுக்குள் தொடங்கிய நிறுவனத்தில் அனைவரும் கீழ்ப்படிகளில் நிற்பார்கள். ஐம்பது ஆண்டு பழைய நிறுவனத்தில் பெரும்பாலோர் உச்சியில் நிற்பார்கள். இருவரும் செய்வது ஒரே வேலைதான். ஒரு விமானி வேறு நிறுவனத்துக்கு மாறினால் முப்பது ஆண்டு அனுபவமும் கணக்கில் வராது, பட்டியலின் அடியில்தான் சேர வேண்டும். ஆகவே யாரும் மாறுவதில்லை, நிறுவனத்தோடு சேர்ந்தே மூப்படைகிறார்கள். மருத்துவச் செலவும் ஓய்வூதியமும் கூடவே வளர்கின்றன.

வளர்ச்சி இருக்கும்வரை இது வெளியே தெரியாது. ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் சராசரிச் சம்பளம் தாழ்ந்தே நிற்கும். அமெரிக்கன் நிறுவனத்தின் ராபர்ட் கிராண்டல் 1983-ல் இதைத் திட்டமாகவே செய்தார்: பழையவர்களின் சம்பளத்தைத் தொடாமல், புதிதாகச் சேர்வோருக்குக் கணிசமாகக் குறைந்த இரண்டாவது அட்டவணை ஒன்றை ஏற்படுத்தி, விமானங்களை வாங்கிக் குவித்துப் புதியவர்களைச் சேர்த்தார். சில ஆண்டுகள் பலித்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரைவிடக் குறைவாக வாங்குபவர்கள் எண்ணிக்கையில் பெருகப் பெருகச் சங்கத்தில் அவர்களின் குரலும் பெருகியது. இரண்டு அட்டவணைகளும் பின்னர் ஒன்றாயின.

என் பழைய அலுவலகத்திலும் ஒரு காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், செலவு குறையும் என்று. அந்த ஆண்டுகளில்தான் எங்கள் சராசரிச் சம்பளம் வேகமாக ஏறியது. இளையவர் ஒருவரும் உள்ளே வரவில்லை, நாங்கள் மட்டும் ஆண்டுக்கொரு இன்கிரிமென்ட் வாங்கிக்கொண்டிருந்தோம்.

12 செப்டம்பர் 2025

“அப்படியானால் பழைய நிறுவனமே ஒரு மலிவு நிறுவனத்தைத் தொடங்கலாமே” என்று கேட்டவருக்கு: தொடங்கினார்கள். டெல்டா 2003-ல் ‘சாங்’கைத் தொடங்கி 2006-ல் மூடியது; யுனைடெட் 2004-ல் ‘டெட்’டைத் தொடங்கி 2009-க்குள் மூடிவிட்டது. வண்ணத்தையும் சீருடையையும் மாற்றினார்கள்; விமானி அறையில் அதே பழைய ஒப்பந்தத்தின் கீழிருந்த விமானிகளே அமர்ந்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் 2005-ல் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வேறு விதம். வளைகுடாவுக்கும் கேரளத்துக்கும் திருச்சிக்கும் பறந்த அந்த நிறுவனம் தன் ஆட்களைத் தனி ஒப்பந்தத்தில் எடுத்தது. தாய் நிறுவனம் நட்டத்தில் மூழ்கியிருந்த சில ஆண்டுகளில் இலாபமும் காட்டியது. ஆனால் மே 2024-ல் அதன் பணிப்பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பு எடுத்து விமானங்கள் நின்றதையும் பார்த்தோம். தனி ஒப்பந்தமும் ஒரு நாள் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தே தீரும்.

15 செப்டம்பர் 2025

இதை எழுதத் தயங்கினேன். சம்பளச் செலவைக் குறைப்பது என்று நாம் எளிதாகப் பேசுவது அங்கே எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1983-ல் ஃபிராங்க் லொரென்சோ தலைமையிலிருந்த காண்டினென்டல் என்ற அமெரிக்க விமான நிறுவனம் திவால் மனு கொடுத்து, தொழிலாளர் ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, குறைந்த சம்பளத்தில் உடனே மீண்டும் பறந்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்ற அனுமதியில்லாமல் அப்படிச் செய்ய முடியாதபடி ஆக்கியது. வழி குறுகியதே தவிர அடைபடவில்லை.

யுனைடெட்டில் 1994-ல் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து நிறுவனத்தின் 55 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றார்கள். டிசம்பர் 2002-ல் நிறுவனம் திவாலானது, பங்கு வெறும் தாளாயிற்று. 2005-ல் அதன் ஓய்வூதியத் திட்டங்களும் கைவிடப்பட்டன. ஏறத்தாழ 1,20,000 பேருக்குரிய அத்திட்டங்களில் 980 கோடி டாலர் பற்றாக்குறை இருந்தது. அரசின் ஓய்வூதியக் காப்புக் கழகம் 660 கோடியை மட்டுமே ஏற்றது, மீதியை ஓய்வு பெற்றவர்கள் இழந்தார்கள். விமானிகளுக்கு இன்னொரு கொடுமை. அன்றைய சட்டம் அவர்களை 60 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வைத்தது. கழகமோ முழு உச்சவரம்புத் தொகையை 65 வயதில் ஓய்வு பெறுவோருக்கே தந்தது.

2003-ல் அமெரிக்கன் திவாலின் விளிம்பில் நின்று, ஊழியர்களிடமிருந்து ஆண்டுக்கு 180 கோடி டாலர் விட்டுக்கொடுப்பைப் பெற்றது. அதே வாரங்களில் மேலதிகாரிகளுக்குத் தனி போனஸும் நிறுவனம் திவாலானாலும் பறிபோகாத ஓய்வூதியமும் ஏற்பாடாகியிருந்தது வெளியே வந்தது; தலைவர் டான் கார்ட்டி பதவி விலகினார். எரிபொருள் விலையை ஒரு நிறுவனம் நினைத்த நேரத்தில் குறைக்க முடியாது. ஊழியரின் சம்பளம்தான் எளிதில் கைக்கு எட்டுகிறது. ஆகவே எல்லா நோய்க்கும் அங்கேயே கத்தி வைக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

17 செப்டம்பர் 2025

இந்தியாவைப் பற்றி ஒரு தெளிவு. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் சம்பளம் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்தியாவில் அப்படியல்ல, எரிபொருள்தான் முதலிடம். டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்குவதற்கு முன், ஆகஸ்டு 2021 இறுதியில், அந்த நிறுவனத்தின் கடன் 61,562 கோடி ரூபாய். ஊழியர்கள் 12,085 பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர் 8,084 பேர். அவ்வளவு பெரிய கடனை இந்த எண்ணிக்கையிலான மனிதர்களின் சம்பளம் மட்டும் உருவாக்கியிருக்க முடியாது.

ஆனாலும் வேலை விதிகள் அங்கேயும் ஆழமாக வெட்டின. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்சையும் இணைத்தார்கள். இரண்டு பணிமூப்புப் பட்டியல்கள், இரண்டு ஊதிய முறைகள், இரண்டு சங்கப் பண்பாடுகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா விமானிகள், புதிய போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியை மற்ற தரப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று 58 நாள் வேலையை நிறுத்தினார்கள். அதே ஆண்டுகளில் இண்டிகோ, 2006-ல் தொடங்கியபோது எடுத்த ஒரே வகை ஏர்பஸ்ஸோடு, இளம் ஆட்களோடு, ஒரே பணிமூப்புப் பட்டியலோடு நாட்டின் முதலிடத்துக்கு வந்தது.

1993-ல் ஜெட் ஏர்வேஸ் வந்தபோது அதுதான் புதியது. 2019 ஏப்ரலில் அது பறப்பதை நிறுத்தியபோது சம்பள பாக்கியோடு நின்ற அதன் ஊழியர்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர்கள் ஆகிவிட்டிருந்தார்கள். இடைவெளி 26 ஆண்டுகள்தான்.

22 செப்டம்பர் 2025

கேள்வி கேட்ட நண்பர், “சவுத்வெஸ்ட் இன்னும் மலிவுதானா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை. அதன் விமானிகள் இன்று நாட்டிலேயே உயர்ந்த சம்பளம் வாங்குவோரில் அடங்குவர். 2024 தொடக்கத்தில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் அவர்களுக்குச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்வு தருகிறது. இந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பெரிய அளவில் ஆட்குறைப்பு அறிவித்தது. இலவசமாக ஏற்றிய பெட்டிகளுக்கும் மே மாதத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது.

பெருந்தொற்றுக்குப் பின் விமானிகள் போதாமல் போனதால் புதிய நிறுவனங்களும் சம்பளத்தை ஏற்ற வேண்டியதாயிற்று. மஞ்சள் நிற விமானங்களை ஓட்டிய அமெரிக்க மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்பிரிட் நவம்பர் 2024-ல் ஒரு முறையும், அதிலிருந்து வெளியே வந்து ஆறு மாதம் கூட ஆகாமல் கடந்த ஆகஸ்டில் மறு முறையும் திவால் மனு கொடுத்தது. பழைய டெல்டாவோ விமானிகளுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேல் உயர்வு கொடுத்துவிட்டு இலாபத்தில் நிற்கிறது. விலை கூடிய முன்வரிசை இருக்கைகளும் கடன் அட்டை வருமானமும் அந்தச் சம்பளத்தைச் சுமக்கின்றன. ஆகவே என் முதல் குறிப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: சம்பளத்தின் சுமை, அதைச் சுமக்கும் வருவாய் எது என்பதைப் பொறுத்தது.

14 டிசம்பர் 2025

மூன்று மாதம் கழித்து மீண்டும் வருகிறேன். நவம்பர் 1 முதல் விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகள் இந்தியாவில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. வாராந்திர ஓய்வு முன்பே 36 மணியிலிருந்து 48 மணியாகியிருந்தது, இப்போது வாரத்துக்கு ஆறு வரை இருந்த இரவுத் தரையிறக்கம் இரண்டாகச் சுருங்கியது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆள் போதாமல் தடுமாறி, 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை இரத்து செய்தது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு இயக்குநரகம் அந்த விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

என் பழைய அலுவலகத்தில் ஒவ்வொரு நாள் காலையும் ரோஸ்டர் தாளின் அடியில் ஸ்டாண்ட்பை என்று ஒரு வரிசை இருக்கும். சில நாள் பன்னிரண்டு பெயர், சில நாள் பதினைந்து. வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒருவர் அந்த வரிசையில் விரல் வைத்து, இவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு ஏன் சம்பளம் என்று கேட்டார். தாளில் காட்டக்கூடிய பதில் அன்று என்னிடம் இல்லை. அடுத்த மாதம் அந்த வரிசை பாதியாயிற்று. விமான நிலையங்களில் பயணிகள் பெட்டிகளின் மேல் படுத்துத் தூங்கியதை 5-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.